நாலில் ஒன்று

தியோடருக்கு வேலை மாம்பழம் வெட்டிப் பார்ப்பது. சித்தூருக்கு வெளியே இருக்கும் மாங்கூழ் ஆலைகளில் ஒன்றின் வாசலில் கோடைக்காலம் முழுக்க லாரியும் டிராக்டரும் வரிசை கட்டி நிற்கும். ஒவ்வொரு வண்டியிலும் ஏறி, மேலே கொஞ்சம், அடியில் கொஞ்சம் என்று தோத்தாபுரிப் பழத்தை உருவி எடுத்து, நீளவாக்கில் பிளந்து, கொட்டை ஓரம் கறுத்திருக்கிறதா, வண்டு துளைத்திருக்கிறதா என்று பார்த்து, இந்த லோடுக்குக் கழிவு இவ்வளவு என்று அவன் சொல்ல வேண்டும். நாலில் ஒன்று கெட்டிருந்தால் கால் பங்கு கழிவு. அதைப் பொறுக்கித் தள்ளிவிட்டால் மிச்சமெல்லாம் நல்ல பழம், உள்ளே போகலாம்.

வண்டிக்காரர்கள் அவனோடு சண்டை போடாத நாள் இல்லை. "ஞாயித்துக்கெழம ஆனா கோயிலுக்குப் போயி பாட்டு பாடறவன், இப்டி கழிக்கிறியே தியோடரு, மேல இருக்கறவரு உன்னயும் ஒரு நாளு வெட்டிப் பாப்பாரு" என்பார் பலமனேர்ப் பக்கத்திலிருந்து பழம் கொண்டுவரும் ரங்கையா. தியோடர் சிரித்துக்கொண்டே அடுத்த பழத்தைப் பிளப்பான். கோபம் வராத மனிதன் என்று ஆலையில் பேர். யாருக்கும் கெட்ட செய்தியைச் சொல்லப் பிடிக்காதவன் என்பதுதான் சரி. கழிவு அதிகம் என்றால்கூட அதை வாயால் சொல்லாமல் எடை போடுகிறவனிடம் கை ஜாடை காட்டிவிட்டு நகர்ந்துவிடுவான்.

கட்டிக்கொண்டது மாமன் மகளை. அம்மா தபீதாளின் கூடப்பிறந்த தம்பி இஸ்ரேல். அவருடைய மூத்த மகள் ஷோபா. இரண்டு வீட்டுக்கும் நடுவே நாலு வீடுகள்தான். சின்ன வயதில் மாமா, மாமா என்று அவன் சைக்கிள் பின்னால் ஓடியவள், கல்யாணத்துக்குப் பிறகும் அதே மாமா, அதே 'நீ'. தபீதாளும் சொந்த அத்தை மகனைக் கட்டியவள்தான். சித்தூரில் மிஷன் காலத்திலிருந்து இருக்கிற அந்தத் தமிழ்ச் சபையில் குடும்பங்கள் குறைந்துகொண்டே வந்தன. வெளியில் பெண் எடுத்தால் பிள்ளைகள் தெலுங்கு ஆராதனைக்குப் போய்விடும், தமிழில் பாட்டுப் பாட ஆள் இருக்காது என்ற கவலை பெரியவர்களுக்கு இருந்தது. அதனால் இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று கோயிலில் ஓலை வாசிக்கும்போதெல்லாம், மூன்று ஞாயிறும், மணமகன் பக்கமும் மணமகள் பக்கமும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

முதல் குழந்தை பெர்சிஸ். பிறந்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. இரண்டாம் மாதத்தில் ஷோபாதான் கவனித்தாள், குழந்தை கால் உதைக்கவில்லை. தலை நிற்கவில்லை. தூக்கினால் துணி மாதிரித் தொங்கியது. அழுகை பூனைக்குட்டியின் சத்தத்துக்கு மேல் எழவில்லை. ஆனால் கண் மட்டும் அப்படி ஒரு சுறுசுறுப்பு. யார் உள்ளே வந்தாலும் கண் கூடவே போகும், சிரிக்கும். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் வீட்டில் எல்லோரும் ஏமாந்தார்கள். திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். தண்டுவடத்திலிருந்து தசைக்குப் போகிற நரம்பு செத்துக்கொண்டே வருகிற நோய் என்றார்கள். ரத்தம் எடுத்து ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள். மருந்து இல்லாமல் இல்லை, அது அவர்களுக்கு எட்டுகிற விலையில் இல்லை. பல் முளைக்கும் முன்பே பெர்சிஸ் சளி கட்டி மூச்சு முட்டிப் போனாள்.

ரத்தத்தின் முடிவு அதற்கப்புறம்தான் வந்தது. பிறகு தகப்பன் தாய் இருவருடைய ரத்தத்தையும் பார்க்க வேண்டும் என்றார்கள். சித்தூரிலேயே கொடுத்தார்கள். அதன் முடிவைக் கேட்கத் திருப்பதிக்குப் போக வேண்டிய நாளில் ஷோபா வர மறுத்துவிட்டாள். அந்த ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க மாட்டேன் என்றாள். தியோடர் தனியாகப் போனான்.

டாக்டரம்மா தெலுங்கில் நிதானமாகச் சொன்னார். உங்கள் உடம்பிலும் உங்கள் மனைவி உடம்பிலும் இந்த நோயின் வித்து ஒளிந்திருக்கிறது. தனித்தனியாக இருக்கும்வரை உங்களுக்கு ஒன்றும் செய்யாது. இரண்டும் ஒரு பிள்ளையிடம் சேர்ந்தால்தான் நோய். நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதே நாலில் ஒன்று. அடுத்த முறை கர்ப்பம் என்று தெரிந்ததும், மூன்றாம் மாதத்திலேயே வாருங்கள், ஊசி போட்டு நஞ்சுக்கொடியிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பார்த்துவிடலாம். ஊசியால் கர்ப்பம் கலைவது அபூர்வம், ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

எல்லாம் காதில் விழுந்தது. தெலுங்கு அவனுக்கு வீட்டுமொழி மாதிரிதான், புரியாமல் இல்லை. ஆனால் பஸ் சந்திரகிரி தாண்டுவதற்குள் அவன் மனசு அதை அவனுக்குத் தெரிந்த கணக்காக மாற்றிக்கொண்டது. நாலில் ஒன்று கெட்டது. அந்த ஒன்று போய்விட்டது. கழிவு கழிந்தது. மிச்சம் மூன்றும் நல்லது. ஒவ்வொரு பிள்ளைக்கும் என்று அந்த அம்மா சொன்னது பொறுப்புள்ள டாக்டர்கள் சொல்கிற ஜாக்கிரதைப் பேச்சு. ஊசி என்ற வார்த்தை மட்டும் முள்ளாக நின்றது. நல்ல பிள்ளையைக் குத்திக் கலைத்துவிட்டால்?

வீட்டுக்கு வந்து அவன் சொன்னது இவ்வளவுதான். "பயப்படறதுக்கு ஒண்ணும் இல்ல. நாலுல ஒண்ணுக்குத்தான் வருமாம். நம்மளது போயிடுச்சி."

தபீதாள் கண்ணை மூடி ஸ்தோத்திரம் என்றாள். ஷோபா ஒன்றும் கேட்கவில்லை. பெர்சிஸ் சட்டைகளைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு அன்று முதல் முறையாக ஒழுங்காகச் சாப்பிட்டாள். அவள் சாப்பிடுவதைப் பார்த்த தியோடருக்கு, ஊசி விஷயத்தைச் சொல்லாமல் விட்டது நல்லதென்றே தோன்றியது.

மறு வருஷம் ஷோபா மறுபடி உண்டானாள். நாலாவது மாதம் முடிந்ததும் தபீதாள் சபையில் ஸ்தோத்திரக் காணிக்கை வைத்தாள். சபைப் போதகரான ஐயர் அதைப் பீடத்திலிருந்து வாசித்தார். ஆராதனை முடிந்து வெளியே வந்தால் எல்லோர் கையும் ஷோபாவின் கன்னத்தில். யாரோ எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தார்கள். யாரோ நேர்ந்துகொள்வதாகச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்ததும் அவள் அந்த ஊறுகாயை விரலால் தொட்டுத் தின்றுகொண்டு அடுப்படியில் நின்றதைத் தியோடர் வாசற்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். பெர்சிஸ் போன பிறகு அவன் மனசு அத்தனை லேசாக இருந்தது அந்த ஒரு நாள்தான்.

அடுத்த வாரம் சித்தூரில் ஸ்கேன் எடுக்கப் போனார்கள். ஸ்கேன் பார்த்த டாக்டர், முதல் பிள்ளை எங்கே என்று கேட்டார். ஷோபா சொன்னாள். என்ன நோய் என்று கேட்டார். அதையும் சொன்னாள். அவர் கையிலிருந்த கருவியை வைத்துவிட்டு, இன்றைக்கே திருப்பதிக்குப் போங்கள் என்றார்.

இந்த முறை ஷோபாவும் உள்ளே போனாள். அதே டாக்டரம்மா. தியோடரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"மூடோ நெலலோ ரம்மன்னானு கதா?" மூன்றாம் மாதமே வரச் சொன்னேனே என்றார். குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான்.

ஷோபாவுக்கும் தெலுங்கு தெரியும். அவள் டாக்டரைப் பார்க்கவில்லை, தியோடரைப் பார்த்தாள். அவன் மேஜைமேல் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வயிற்றில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். முடிவு வர நாள் ஆகும் என்றார்கள். திரும்பி வருகிற பஸ்ஸில் ஷோபா ஜன்னலோரம் உட்கார்ந்து கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு வந்தாள். சந்திரகிரி தாண்டியதும் கேட்டாள்.

"அன்னிக்கி அந்தம்மா இன்னா சொன்னாங்க? முழுசா சொல்லு."

அவன் சொன்னான். நாலில் ஒன்று, ஒவ்வொரு தடவையும், மூன்றாம் மாதம், ஊசி. சொல்லச் சொல்ல அவனுக்கே அது எவ்வளவு தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது என்று தெரிந்தது.

"ஒண்ணு போயிடுச்சி, மிச்சம் மூணும் நல்லா இருக்கும்னு நெனச்சிக்கினேன்" என்றான்.

"மாங்கா லோடா மாமா இது?" என்றாள் ஷோபா.

காத்திருந்த நாட்களில்தான் குழந்தை அசைய ஆரம்பித்தது. முதலில் உள்ளே மீன் திரும்புவது போல, பிறகு நன்றாகவே. ஷோபாவுக்கு அதில் ஒரு நம்பிக்கை பிடித்துக்கொண்டது. அவன்மேல் இருந்த கோபத்தைக்கூட அப்போது மறந்துவிடுவாள். அவன் கையைப் பிடித்து இழுத்து வயிற்றில் வைப்பாள்.

"இங்க பாரு, இது நல்லா ஒதைக்குது. பெர்சிஸ் இப்டி ஒதைக்கவே இல்ல. இதுக்கு ஒண்ணும் இல்ல மாமா."

போனில் அதை டாக்டரிடமும் கேட்டாள். அசைவை வைத்துச் சொல்ல முடியாதம்மா என்றார் அவர். ஷோபா போனை வைத்துவிட்டு, அவங்களுக்கு எல்லாமே ரத்தத்துலதான் தெரியும், பெத்தவளுக்குத் தெரியாதா என்று சொல்லிக்கொண்டே பாத்திரம் தேய்த்தாள். தியோடர் ஆலையில் பழத்தைப் பிளந்துவிட்டு உள்ளே பார்க்காமலே அடுத்ததை எடுத்தான். ரங்கையா வண்டியில் ஏறி, கெட்ட பழத்தையும் நல்லது என்று விட்டுவிட்டான். அவரே அவனைக் கூப்பிட்டு, இன்னாப்பா உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

முடிவு வந்தது. இந்தப் பிள்ளைக்கும் அதே நோய்.

டாக்டரம்மா இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னார். தொடரலாம், நிறுத்தலாம், இரண்டுக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது, யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது, யோசித்துச் சொல்லுங்கள் என்றார். மூன்றாம் மாதம் என்றால் இவ்வளவு வலி இருந்திருக்காது என்பதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

வீட்டில் தபீதாள் உபவாச ஜெபம் வைக்கலாம் என்றாள். கர்த்தர் நினைத்தால் மாற்றுவார், நாமாகக் கை வைக்கக் கூடாது என்றாள். ஷோபா அத்தையை எதிர்த்துப் பேசியதே இல்லை. அன்று பேசினாள்.

"அத்தை, பெர்சிஸ் மூச்சுக்கு இழுத்துக்கினு இருந்தப்போ நீங்க வெளிய முட்டி போட்டு ஜெபம் பண்ணீங்க. நான் உள்ள இருந்தேன். உள்ள இருந்தது நான்."

தபீதாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள்.

திருப்பதியில் இரண்டு டாக்டர்கள் கையெழுத்துப் போட்டார்கள். மருந்து கொடுத்து வலி வரவழைத்தார்கள். பிரசவ வலிக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை என்று ஷோபா பிறகு தன் தங்கையிடம் சொன்னாள், முடிவில் அழுகைச் சத்தம் கேட்காது என்பதைத் தவிர. நர்ஸ் பார்க்கிறாயா என்று கேட்டபோது பார்க்கிறேன் என்றாள். ஆண் பிள்ளை. விரல் எல்லாம் சரியாக இருந்தது. தியோடர் வெள்ளைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு காரில் சித்தூர் வந்தான். கல்லறைத் தோட்டத்தில் பெர்சிஸ் பக்கத்தில் இஸ்ரேல் குழி வெட்டி வைத்திருந்தார். ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்கு அடக்க ஆராதனை கிடையாது. இருந்தாலும் ஐயர் வந்து அங்கி போடாமல், வேட்டி சட்டையோடு நின்று, ஒரு ஜெபம் செய்துவிட்டுப் போனார்.

சபைக்கு என்ன சொல்வது என்று கேள்வி வந்தது. காணிக்கை வைத்து அறிவித்தாயிற்றே. கலைந்துவிட்டது என்று சொல்லிவிடலாம் என்று தபீதாளும் இஸ்ரேலும் முடிவு செய்தார்கள். அதுதான் மரியாதை. அதோடு இப்போது வேறு காரணமும் இருந்தது. தியோடரின் தம்பி பென்னிக்கும் ஷோபாவின் தங்கை அபிகாயிலுக்கும் பேசி வைத்திருந்தார்கள். ஆராதனையில் முதல் ஓலை வாசிக்க வேண்டிய ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்தது.

ஷோபா அப்போது தாய் வீட்டில் படுத்திருந்தாள். மார்பில் பால் கட்டி, முட்டைக்கோஸ் இலையை வைத்துக் கட்டியிருந்தார்கள். தியோடர் பார்க்க வந்தபோது அவள் சுவரைப் பார்த்துத் திரும்பியபடியே பேசினாள்.

"அபிக்கும் பென்னிக்கும் ரத்தம் பாக்கணும். ஓலை வாசிக்கறதுக்கு முந்தி."

"சொல்லணும்தான். இஸ்ரேல் மாமா கிட்ட நீயே சொன்னா..."

"நான் சொல்லமாட்டேன். போன தடவ பாதி சொன்னது நீ. இப்ப முழுசா நீதான் சொல்லணும். எங்க நைனா கிட்ட, அத்த கிட்ட, அவங்க ரெண்டு பேர் கிட்ட. நான் இங்கயே படுத்துக்கினு கேக்கறேன்."

ஓலைக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம், எல்லோரும் ஐயருக்குக் கொடுக்க வேண்டிய விவரங்களை எழுத இஸ்ரேல் வீட்டில் கூடியிருந்தார்கள். அபிகாயில் டீ கொண்டுவந்து வைத்தாள். தியோடர் டீயைத் தொடவில்லை. டாக்டர் தனக்குச் சொன்னதைச் சொன்னான். தான் வீட்டில் என்ன சொன்னேன் என்பதையும், ஏன் அப்படி நினைத்தேன் என்பதையும் சொன்னான். பிள்ளை கலையவில்லை, கலைத்தோம், ஐந்து மாதப் பிள்ளை, அசைந்துகொண்டிருந்த பிள்ளை, என் புத்தியால் அவ்வளவு தாமதமாச்சு என்றான். அவனுக்குக் கெட்ட செய்தி சொல்லத் தெரியாது. தெரியாததால் எதையும் மெழுகிச் சொல்ல வரவில்லை, அப்படியே கொட்டினான்.

பென்னிதான் முதலில் வாயைத் திறந்தான். "உன் கணக்கு தப்பாயிடுச்சின்னு என் கல்யாணத்த நிறுத்தறியா அண்ணா?"

கல்யாண வீட்டில் வியாதிப் பேச்சு வேண்டாம் என்றாள் தபீதாள். இஸ்ரேல் பேனாவை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார். உள்ளறையில் ஷோபா படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

அபிகாயில் காலி டம்ளர்களை எடுத்தபடி, "நான் ரத்தம் குடுக்கறேன், அத்த வீட்டுக்கு மருமகளா போறதா இருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். பிறகு நேராகப் பென்னியைப் பார்த்து, "அக்கா பக்கத்துல ஆஸ்பத்திரில நான்தான் இருந்தேன். நீ இல்ல" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது. மறுநாள் ஓலை வாசிக்கவில்லை.

சபையில் கேள்வி வரத்தான் செய்தது. மாப்பிள்ளைக்குக் குறையா, பெண்ணுக்குக் குறையா என்று கோயில் வாசலிலேயே கேட்டவர்கள் உண்டு. பென்னி அண்ணனோடு பேசுவதை நிறுத்திக்கொண்டான். தபீதாள் மகனுக்குச் சோறு போடுவாள், அவன் எதிரில் உட்கார மாட்டாள். ஷோபா தன் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். வந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். வேண்டியதைப் பேசினாள், வேண்டாததைப் பேசவில்லை.

முடிவு வந்தது. ரத்தம் கொடுத்த இருவரில் பென்னிக்கு அந்த வித்து இருந்தது. அபிகாயிலுக்கு இல்லை. ஒருவருக்கு மட்டும் என்றால் பிள்ளைக்கு நோய் வரும் பயம் அநேகமாக இல்லை, தாராளமாகக் கல்யாணம் செய்யலாம் என்றார் டாக்டரம்மா. இஸ்ரேல் வீட்டில் அன்றைக்குக் கோழி அடித்தார்கள். தபீதாள், நான் அப்பவே சொல்லலியா, இவன்தான் எல்லாரையும் கலங்கடிச்சிட்டான் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். பென்னி வந்து அண்ணன் தோளில் கை போட்டான். தியோடருக்கு அந்தக் கை கனத்தது.

ஷோபா தங்கையைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துவிட்டு, தலைவலி என்று சீக்கிரமே வந்துவிட்டாள். தியோடர் பின்னாலேயே வந்தான். அவள் அடுப்படி வாசலில் உட்கார்ந்து மறுநாளைக்கு அரைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"மாமா."

"சொல்லு."

"நீ வேற ஒருத்திய கட்டியிருந்து, நான் வேற ஒருத்தர கட்டியிருந்தா, உன் புள்ளைங்களும் உயிரோட இருக்கும். என் புள்ளைங்களும் உயிரோட இருக்கும்."

இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வந்தது. அவளிடம் இனிமேல் பாதி சொல்வதில்லை என்று அவன் யாரிடமும் சொல்லாமல் முடிவு செய்திருந்தான்.

"ஆமா" என்றான்.

அவள் இன்னொரு கீரைத்தண்டை ஒடித்தாள்.

"உனக்கு பலமனேர்ல ஒரு டீச்சர் பாத்தாங்க இல்ல?"

"பாத்தாங்க. நான் மாம்பழத்துல கத்தி போடறவன்னு தெரிஞ்சதும் வோணாம்னுட்டா."

அவள் உதட்டோரம் அசைந்தது. "எனக்கு சூளூர்பேட்டையில இருந்து வந்தாரு. ரயில்வேயில வேல. மீசையெல்லாம் இவ்ளோ பெருசு. அவருக்கு இப்ப மூணு பசங்களாம். நைனா சொல்லிச்சி."

"மூணா?"

"மூணும் ஆம்பள பசங்க. வீட்ட இடிக்குதுங்களாம்."

"டீச்சருக்கு எத்தினின்னு தெரியல" என்றான் தியோடர். "விசாரிக்கணும்."

ஷோபா சிரித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து அவன் கேட்காத சிரிப்பு. சிரித்துக்கொண்டே இருந்தவள் கீரையை மடியிலேயே வைத்துக்கொண்டு முட்டியில் முகத்தைப் புதைத்தாள். தோள் குலுங்கியது. அவன் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தான். தொடலாமா என்று அவனுக்குத் தெரியவில்லை. அவள் விலகவும் இல்லை, சாயவும் இல்லை. வெகுநேரம் கழித்து, முகத்தைத் தூக்காமலேயே, தெரியாத அந்த மூன்று பையன்களின் பெயர் என்னவாக இருக்கும் என்று கேட்டாள். அவனுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னான்.